பகலில் எரிந்த டார்ச்

லிஃப்ட்காரர் வீடு திரும்பினால் மனைவி முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல. கையை நீட்டுவாள். அவர் போனை எடுத்து அதில் வைப்பார். கதவை ஒட்டிய சுவரில் சார்ஜர் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். போனை அதில் செருகிய பிறகுதான் குடிக்கத் தண்ணீர்கூட.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே கம்பெனி. காலையில் பைக்கை எடுத்த நிமிஷத்திலிருந்து போன் கத்திக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாடியில் கதவு மூடவில்லை, உள்ளே ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார், கிளம்பிட்டீங்களா, எங்கே வந்துட்டு இருக்கீங்க. சாயங்காலம் மனிதரும் போனும் ஒன்றாகத் துவண்டு வந்து சேர்வார்கள். "ஐசியூ கேஸ் வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுப்பாள்.

சார்ஜ் விஷயத்தில் மனைவி கறார். இருபதுக்குக் கீழே இறங்க விடக் கூடாது, எண்பதுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஏறும்போது யாரும் தொடக் கூடாது. எங்கோ ஒரு போன் வெடித்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அந்தக் கடைசி விதி வீட்டுச் சட்டமாகிவிட்டது. "மனுஷனோ போனோ, வயித்துல கொஞ்சம் இடம் விட்டு வைக்கணும்" என்பாள். முதல் விதியை மட்டும் அவரால் காப்பாற்ற முடிந்ததில்லை. அதற்கு அவள் திட்டுவாள். ஆனால் அந்தத் திட்டுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. தன் வீட்டுக்காரரை ஊரே தேடுகிறது என்கிற பெருமை.

பிறகு கம்பெனி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் லிஃப்டுகளில் ஏதோ ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். பழுது வருவதற்கு முன்பே அது சொல்லிவிடுமாம். இனி பாதி மெக்கானிக்குகள் போதும் என்றார்கள். அவர் மற்றப் பாதியில் இருந்தார்.

அன்றைக்கே சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறும்போதே எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தார். மனைவி போனை வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க, அறுபத்தெட்டு இருக்கு? இன்னைக்கு உங்கள யாருமே சீண்டலையா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். கம்ப்ளெய்ன்ட் கம்மி என்று அவர் வாயில் வந்துவிட்டது. மறுநாளும் கிட்டத்தட்ட அவ்வளவே மிச்சம். "இப்படியே போனா, இந்த ஆள எதுக்கு வச்சிருக்கோம்னு கம்பெனியில கேக்கப் போறாங்க பாருங்க" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, சொல்வதற்கு இருந்த வழி அடைபட்டுப்போய்விட்டது என்று தெரிந்தது.

அதற்கடுத்த நாளிலிருந்து போனைக் காலி செய்வதே அவருக்கு வேலையாயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார். முகம் வாடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவனை யாரும் ஏன் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றுவார். போகாத ஊருக்கு வரைபடத்தில் வழி கேட்பார். சத்தமில்லாமல் வீடியோக்களை ஓட விடுவார். எல்லாவற்றையும்விட டார்ச்தான் சார்ஜை வேகமாகக் குடித்தது. டார்ச்சைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். துணி வழியே வெளிச்சம் கசியும். நெஞ்சு லேசாகச் சுடும். எதிரே இருந்த லிஃப்டின் கதவு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மூடும். அடியில் உருளை தேய்ந்திருக்கிறது. அந்த உரசலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கும் ஒரு பெட்டி பொருத்தியிருப்பார்கள்.

"அண்ணே, உங்க பாக்கெட்டுல லைட்டு எரியுது" என்றாள் ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண்.

அவர் பதறிப்போய் நன்றி சொல்லி அணைத்தார். அவளை உள்ளே கூப்பிட்டதும் மறுபடி போட்டார்.

தினமும் சூடேறிக் காலியானால் எந்த பேட்டரிதான் தாங்கும்? ஒரு விடுமுறை நாளில் மகள் அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, பேட்டரி ஹெல்த் எழுபத்தொண்ணுதான் காட்டுது. போன வருஷம் வாங்கினது. அப்படி என்னதான் பண்றீங்க?" அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அது உழைக்கிற போனு. உன்னோடது மாதிரி நாள் பூரா படம் பாக்குதா?" அவர் எழுந்து குளிக்கப் போனார்.

கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம் போல எடுத்து வீட்டில் கொடுத்துவந்தார். வேலை தேடாமலும் இல்லை. பல இடங்களில் வயதைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் நிறுவனம் மட்டும் நேரில் வரச் சொன்னது. நன்றாகவே பேசினார்கள். கிளம்பும்போது வரவேற்பில் இருந்தவர், அவசரத்துக்கு இன்னொரு எண் வேண்டும் என்றார். போனில் பார்த்துச் சொல்லலாமென்றால் அது அன்றைக்கும் அணைந்து கிடந்தது. தன் எண் போக மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்று. மனைவியுடையது. அதைச் சொன்னார். இரண்டாவது எண்ணுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒரு வாரத்தில் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க அவர் டார்ச் போடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக முடுக்கிவிட்டு அவசர அவசரமாகக் காலி செய்வார். அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் போயிற்று. இனி வராது என்று மனது படிந்ததும், பழையபடி காலையிலேயே டார்ச்சைப் போட ஆரம்பித்தார்.

அப்படி ஒரு நாள் சட்டைப் பை திடீரென்று இருண்டது. சற்று முன் பார்த்தபோது நாற்பது காட்டியது. பேட்டரி தளர்ந்துவிட்டால் எண்ணைக்கூட நம்ப முடியாது. வெளியே உச்சிவெயில்கூட இன்னும் வரவில்லை. கருத்த திரையைத் துடைத்து உள்ளே வைத்தார். இன்றைய வேலை சீக்கிரம் முடிந்தது என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டார். நாற்காலியிலேயே கொஞ்சம் தூங்கினார்.

இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனார். கை நீண்டது. போனை வைத்தார். மனைவி அதைச் சுவரில் செருகிவிட்டுச் சிரிப்போடு திரும்பினாள்.

"என்னங்க, மத்தியானம் ஒரு கூத்து. ஏதோ கம்பெனியிலேருந்து எனக்குப் போன். உங்க பேரச் சொல்லி, ஸ்விட்ச் ஆஃப்னு வருதே, வேலை முடிவாயிடுச்சு, நாளைக்கே வந்து சேரச் சொல்லுங்கங்கிறாங்க. எப்படித்தான் பேரும் நம்பரும் புடிக்கிறாங்களோ. வேலை தர்றோம்னு பேசி ஏமாத்துறவங்கதானே? ஆனா நான் ஒண்ணும் மரியாதைக் குறைவா பேசல. எங்க வீட்டுக்காரருக்கு நல்ல கம்பெனியில வேலை இருக்கு, மூச்சு விட நேரமில்லாமதான் போன் செத்துக் கிடக்கு, உங்க வேலை வேணாம்னேன். அப்ப சரிம்மா, காத்திருக்கிற இன்னொருத்தருக்குக் குடுத்துடுறோம்னு வச்சுட்டாங்க."

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று கழன்றிருந்தது.

"சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன."

அவள் சமையலறைக்குப் போனாள். அவர் எழுந்து ஒற்றை ஷூவோடு சுவர் பக்கம் போய்ப் போனுக்குக் கையை நீட்டினார்.

"ஏறும்போது தொடாதீங்க" என்று குரல் மட்டும் வந்தது.

கை இறங்கிவிட்டது. தொட்டுத்தான் என்ன? இந்நேரம் அலுவலகம் மூடியிருக்கும். காத்திருந்த அந்த இன்னொருத்தர் வீட்டில் இப்போது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். திரை உயிர் பெற்றது. இரண்டு, மூன்று என்று எண் ஏறியது. மகள் அவரைத் தாண்டிப் போகும்போது, பேஷன்ட் பிழைச்சுக்குமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வந்த மனைவி போனைப் பார்த்தாள். எண்பது. பிடுங்கி, துணியால் துடைத்து, மறுநாள் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்காவது இருபதுக்குக் கீழ விடாதீங்க."

"பாக்கிறேன்" என்றார்.