கயிறு கட்டாத பட்டம்

தைப்பொங்கலன்று நான் ஏற்றிய பட்டத்தில் வில்போலக் கட்டிய விண் நார் காற்றில் கூவுவது உடுவில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கயிற்றைப் பனையில் கட்டிவிட்டுப் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

“அண்ணை, பிளேன் வாற நேரம். உந்தப் பட்டத்தை இறக்குங்கோ.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “காலமை செய்தி கேட்டனீங்களோ? எங்கையோ ஒரு கொம்பனி சோதிச்சுப் பாக்க விட்ட ராக்கெட் வெடிச்சு, துண்டெல்லாம் கடலிலையாம். அவைக்கு ஒண்டுமில்லை, என்ரை கடதாசிப் பட்டத்துக்குத்தான் சட்டமோ?”

அவர் சிரித்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து கயிற்றை இழுத்தார். பட்டம் பனை உயரத்துக்கு இறங்கியதும் சொன்னார்:

“நான் இந்தக் கயித்தைப் பாத்துக்கொண்டுதான் வந்தன், உங்கடை வளவு வந்திட்டுது. அந்த ராக்கெட் துண்டு எங்கடை கூரையிலை விழுந்தா, எதைப் பாத்துக்கொண்டு ஆரிட்டை அண்ணை போறது?”