சலவைச் சட்டை போட்ட நோயாளி

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த அன்று காலையில் அவர் செய்த முதல் காரியம் முகச்சவரம். சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டவள் நான்தான்.

எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம். அவருக்கு அங்கே உரக்கடை. முருங்கைக்கும் மல்லிக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள் என்று சீக்கிரமே கிளம்புவார். அன்றைக்கு வேட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சின் மேல் யூரியா மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு வாய்வு என்று பெயர். நான் ஓமத்தண்ணி கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா பூண்டைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கடையில் இருந்து சோடாவும் வந்தது. எல்லாம் உள்ளே போயிற்று, வலி மட்டும் வெளியே வரவில்லை. அவருக்கு வேர்க்க ஆரம்பித்ததும் இது வாய்வு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கெளம்புங்க, திண்டுக்கல்லுக்குப் போயிருவோம்" என்றேன்.

"இந்தா வாரேன், செத்த நேரம் இரு" என்று கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டார்.

"இப்ப என்னங்க சவரம் வேண்டிக்கெடக்கு?"

"நாலு பேரு வந்து போற எடம். இப்புடியேவா போறது?"

அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போவது கல்யாணத்துக்குப் போவதைவிட மரியாதையான காரியம். டாக்டர் படித்த மனுஷன், அவர் முன்னால் அழுக்காகப் போய் நிற்கக்கூடாது. குளிக்கப் போனவரைத்தான் கையைப் பிடித்து நிறுத்த முடிந்தது. மற்றபடி சலவைச் சட்டை, கரை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் கடிகாரம், பையில் சீப்பு, எல்லாம் ஏறிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல் நடுங்கியது. அதையும் நான்தான் போட்டுவிட்டேன்.

இந்த அலங்காரம் நடந்துகொண்டிருந்தபோது நான் வாடகைக் காருக்குப் போன் அடித்து, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவ மறந்து, நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். தலையை அள்ளி முடிந்தது கார் வாசலைத் தாண்டிய பிறகு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வலியிலும் அவருக்கு என்னால் மானம் போனது.

திண்டுக்கல் பைபாஸ் பக்கம், முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் சொல்ல மாட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் இறங்கியதும் ஒரு நர்ஸ் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்து முடிப்பதற்குள் என் தோளைப் பிடித்து அதில் என்னை உட்கார வைத்துவிட்டாள்.

"எனக்கு இல்லம்மா, அவருக்கு" என்றேன்.

"பேசாதீங்கம்மா, பேசினா மூச்சு வாங்கும்."

"நெஞ்சு வலி அவருக்குத்தான் தாயி!"

"பதட்டப்படாதீங்க. எல்லாம் சார் சொல்லுவாரு." சார் என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. அவரைத் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க அட்டெண்டர்தானே? உள்ள வரக்கூடாது. வெளிய உக்காருங்க" என்றாள்.

இந்த இடத்தில் எந்தப் புருஷனும் வாயைத் திறந்திருப்பான். இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சரிம்மா" என்று வெளியே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். படித்த பிள்ளை சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாராம். என்ன காரணம் இருக்கும் என்று இன்றுவரை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உள்ளே என்னைக் கட்டிலில் ஏற்றிக் கையில் பட்டையைச் சுற்றினார்கள். பிபி எகிறிக் கிடந்தது. ஏறாமல் என்ன செய்யும்? கட்டின புருஷனை வெளியே உட்கார வைத்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத என்னைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். நான் கத்தக் கத்த பிபி ஏறியது, பிபி ஏற ஏற நான்தான் நோயாளி என்பது அவர்களுக்கு உறுதியாயிற்று. ஒருத்தி ஊசியோடு வந்தபோது பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு இறங்கி ஓடினேன். பின்னாலேயே இரண்டு பேர் என்னைப் பிடிக்க ஓடி வந்தார்கள். அந்தச் சக்கர நாற்காலிக்குப் பிறகு அங்கே யாரும் வேகமாக நடந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒருவழியாக அவரை உள்ளே கூட்டிப்போனேன். டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு கையில் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே, "என்ன பண்ணுது சார்?" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "பெருசா ஒண்ணுமில்லங்க டாக்டர். லேசா ஒரு மாதிரியா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் யூரியா மூட்டையாக இருந்தது இங்கே வந்து 'லேசா ஒரு மாதிரி' ஆகிவிட்டது. "லேசா இல்ல டாக்டர், வேர்த்து ஊத்துச்சு, கையி நடுங்குச்சு" என்று நான் குறுக்கே புகுந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே, "நேத்து என்ன சாப்பிட்டீங்க, பிரியாணியா?" என்றார்.

திண்டுக்கல்காரன் நெஞ்சைப் பிடித்தால் டாக்டருக்குப் பிரியாணி வாசம் அடித்துவிடும் போல. முதல் நாள் சாயங்காலம் அவர் சாப்பிட்டது ரசம் சோறு, தொட்டுக்கொள்ள அவரைக்காய் வெஞ்சனம். அதைச் சொன்னேன். டாக்டர், "கேஸ் டிரபிள்தான். ஒரு ஊசி போடச் சொல்றேன். செத்த வெளிய இருங்க" என்றார். ஈசிஜி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். மிஷின் மாடிக்குப் போயிருக்கிறதாம், வந்ததும் கூப்பிடுவார்களாம். மிஷினுக்கே அங்கே கால் முளைத்திருந்தது, நோயாளிதான் உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டு மறுபடி அதே பிளாஸ்டிக் நாற்காலி. அப்போது ஒரு வேன் வந்து நின்றது. இளநீர் சீவும்போது விரலை வெட்டிக்கொண்ட ஒருவர். கூட வந்த சொந்தபந்தம் இறங்கி முடியவே நேரமாயிற்று. "ஐயா, எங்கப்பனக் காப்பாத்துங்கய்யா!" என்று ஒரு அம்மா மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். அத்தனை நர்சுகளும் ஓடினார்கள். டாக்டர் போனைப் பையில் போட்டார். விரல் வெட்டுக்காரர் பாவம், "லேசான வெட்டுதாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சும் எடுபடவில்லை. அவசரப் பிரிவில் நோயைக் கண்ணாலும் காதாலும்தான் அளக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கூட வந்தவர்கள் ஊரைக் கூட்ட வேண்டும். என் வீட்டுக்காரரிடம் இரண்டும் இல்லை. திருநீறு கலையாமல், மடிப்பு நலுங்காமல், பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் போல உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் வெளுத்திருந்தது. அதை அங்கே பார்க்க ஆள் இல்லை.

இந்த மனுஷன் இப்படியே மரியாதையாகச் செத்துப்போய்விடுவார் என்று தோன்றியது. அவர் பையிலிருந்த சீப்பைப் பிடுங்கினேன். தலைமுடியைக் கலைத்தேன். மேல் பொத்தான்களைக் கழற்றினேன். திருநீற்றைத் துண்டால் துடைத்தேன்.

"இந்தா, என்ன பண்றவ? நாலு பேரு பாக்குறாக" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

"பாக்கட்டும்! பாக்கணும்னுதான் பண்றேன். செத்த நேரம் நோயாளி மாதிரி இருங்களேன், ஒங்க கால்ல விழுறேன்."

அவர் ஒரு பொத்தானைத் திரும்பவும் போட்டார். நான் கழற்றினேன். அடுத்த பொத்தானுக்குப் போன கை பாதியிலேயே நின்றது. என் மேல் அப்படியே சரிந்தார்.

அதற்குப் பிறகு நான் போட்ட கூப்பாட்டுக்கு அந்தக் கண்ணாடியெல்லாம் உடையாமல் நின்றதே பெரிசு. வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். மாடிக்குப் போன மிஷின் எப்படி இறங்கியதோ, அதுவும் வந்தது. மிஷினிலிருந்து ஓடி வந்த தாளைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. அவர் என்னைப் பார்த்து அதட்டினார்: "ஏம்மா, இவ்வளவு வலி இருக்குன்னு முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

அவரை அறையாமல் விட்டதற்கு ஒரே காரணம், என் கை என் வீட்டுக்காரரின் தலைக்கு அடியில் இருந்தது.

மாரடைப்பு, தங்களிடம் அதற்கு வசதி இல்லை என்று சொல்லி மதுரைக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். மதுரை போய்ச் சேரும்வரை நான் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். மதுரையில் அடைப்பை எடுத்து, குழாய் வைத்து, ஆளைப் பிழைக்க வைத்தார்கள். அங்குள்ள டாக்டர் வெளியே வந்து, "இதயத்துல ஒரு பக்கம் தசை செத்துப்போச்சும்மா. சீக்கிரம் வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம். இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலதாங்க" என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

இப்போது கடைக்குப் போகிறார். மூட்டையைத் தொடக்கூடாது, உட்கார்ந்து பேசலாம். ஆனால் பேச்சுத்தான் அவருக்குப் பெரிய பாரமாகிவிட்டது. எந்தப் புழுவுக்கு எந்த மருந்து, மருந்தடிக்கிற ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று முன்பெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பார். இப்போது பாதி சொல்லி நிறுத்தி, மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சொல்கிறார். தெரிந்தவர்கள் காத்து நிற்கிறார்கள். தெரியாதவர்கள் பாதி கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் கோபம் வருகிறது.

போன மாதம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. கண்ணாடி ஆஸ்பத்திரியிலிருந்துதான். ஸ்பீக்கரில் ஒரு பெண் தேன் மாதிரி பேசினாள். தங்கள் சேவை எப்படி இருந்தது என்று கருத்துக் கேட்கிறார்களாம். நான் போனைப் பிடுங்கப் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நர்ஸ் எல்லாம் மரியாதையா நடந்துக்கிட்டாங்களா சார்?"

"நடந்துக்கிட்டாகம்மா."

"எடமெல்லாம் சுத்தமா இருந்துச்சா சார்?"

"இருந்துச்சும்மா."

நான் சாப்பாட்டுத் தூக்கை மேசையில் ஓங்கி வைத்தேன். இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா?

"எங்ககிட்ட ஏதாவது குறை இருக்கா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு கோபம் அதில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"குறைன்னு கேட்டா..." என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் வந்து..."

அதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டார். கையை உயர்த்தி, இரு இரு என்று அந்தப் பெண் எதிரில் நிற்கிற மாதிரி ஜாடை காட்டினார்.

"குறை ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கறேன் சார். நன்றி சார்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.