ஒன்றரை நாள் ஓட வேண்டிய கடிகாரம்

லிங்கநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கரண்ட் போனால் முதலில் கத்துவது நான்தான். ஃபேன் நின்றதற்காக இல்லை. கொம்பியூட்டரில் ஒரு வேலை பாதி நடந்துகொண்டிருக்கும், அது போய்விடும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு இண்டைக்கும் கரண்டோட சண்டையோ?" என்று கேட்பா. "ஓம் அக்கா, அதுதான் திருப்பி அடிக்காது" என்பேன்.

அந்த வருசங்களில் எனக்கு எல்லாத்தோடும் சண்டை. கொஞ்சக் காலம் சமாதானம் என்று இருந்துவிட்டு யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. துறைமுகப் பக்கம் போகிற றோட்டில் எத்தனை இடத்தில் இறங்கி ஐசியை, அடையாள அட்டையை, காட்ட வேண்டும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். கொழும்பில் நான் வேலை செய்த சின்னக் கொம்பனி பூட்டுப்பட, ஊருக்குத் திரும்பி வந்தனான். மனுசி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவவின் சம்பளத்தில் வீடு ஓடியது. நான் வீட்டில் இருந்து கேர்னலோடு மினக்கெட்டேன்.

கேர்னல் என்றால் கொம்பியூட்டரின் இயங்குதளத்துக்கு நடுவில் இருக்கிற பகுதி. திரையில் நாங்கள் பார்க்கிறது எல்லாம் அதுக்கு மேலேதான் நிற்குது. ஒவ்வொரு இனப் புரொசசருக்கும் அதில் தனித்தனியாக ஒரு பங்கு எழுத வேண்டும். உலகம் முழுக்க ஆக்கள் சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் இருந்து அதை எழுதினார்கள். எழுதுகிற திருத்தத்துக்குப் பெயர் பாட்ச். அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஈமெயிலில் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் வரிவரியாக வாசித்துக் கிழிப்பார்கள். கிழிபடாமல் மிஞ்சினது உள்ளே போகும். அங்கே எந்த ஊர், என்ன ஆக்கள், அப்பா என்ன செய்தவர் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நாலாம் வரியில் ஏன் பிழை விட்டாய் என்றுதான் கேட்பார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று தாங்கள் செய்த புதுப் புரொசசர் பூட்டிய போர்ட் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தது. உள்ளங்கை அளவு, பச்சை நிறம், மூடி கிடையாது. கொழும்பில் இருந்து பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தனான். அந்தப் புரொசசருக்குக் கேர்னலில் கடிகாரப் பகுதியை நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்ச் இந்தத் தடவை உள்ளே போனால் வேலை தருகிறோம், குடும்பத்தோடு வரலாம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை என்பதுதான் கழுத்தில் கத்தி. கேர்னலின் கதவு சில மாதத்துக்கு ஒருமுறை கொஞ்ச நாளைக்குத் திறந்துவிட்டுப் பூட்டிவிடும்.

மனுசிக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளை இங்கே பிறக்கக்கூடாது என்பது ஒன்றைத்தான் அவ என்னிடம் கேட்டா. ஆஸ்பத்திரி வாட்டில் பார்க்கிறதுகளை வீட்டில் வந்து சொல்ல மாட்டா. சாப்பிடாமல் போய்ப் படுத்தால் நான் விளங்கிக்கொள்வேன். எங்களுக்கு வெளியே போக இருந்த ஒரே வழி அந்தப் பாட்ச். ஒரு பக்கம்கூட வராத எழுத்து.

வீட்டில் இன்ரநெற் இல்லை. துறைமுகத்துக்குக் கிட்ட, அக்கரைக் கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர் கொமினிகேசன் கடை வைத்திருந்தார். போன் கதைக்க வருகிற சனத்துக்கு நடுவில் ஒரு மூலையில் எனக்குக் கதிரை. அந்தப் புரொசசர் பகுதியைப் பார்த்து ஏற்றுக்கொள்கிற மனிசர் எங்கேயோ குளிர் தேசத்தில் இருந்தார். ஒருநாள் நானாவிடம், "பொறுப்பாளர் இன்னும் பதில் போடேல்லை" என்றேன். நானா பதறிப்போய் வாசலைப் பார்த்தார். "தம்பி, அந்தச் சொல்லை என்ட கடையில சத்தமாச் சொல்லாதீங்க. உங்களோட என்னையும் சேத்து ஏத்திருவான்" என்றார். ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தில்தான் எங்கள் பக்கம் பொறுப்பாளர் என்று ஆக்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த மனிசரை வாத்தியார் என்றோம்.

வாத்தியார் சுகம் விசாரிக்க மாட்டார். இந்த வரி பிழை, அந்தப் பெயர் பொருத்தமில்லை, இதை ஏன் இரண்டு தரம் செய்கிறாய். அவ்வளவுதான் கடிதம். நான் கடையிலேயே இருந்து ஏசுவேன். நானா, "இண்டைக்கும் கிழிச்சிட்டானா?" என்று கேட்டுக்கொண்டு பிளேன் ரீ வைப்பார். வீட்டுக்கு வந்து திருத்தி, திரும்ப அனுப்பி, திரும்பக் கிழிபட்டு, கடைசியில் ஒருநாள் பதில் வந்தது. எல்லாம் சரி, இரண்டு நாள் நிப்பாட்டாமல் ஓட்டிவிட்டு அது எழுதுகிற பதிவை அனுப்பு, எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு நாள் நிப்பாட்டாமலோ?

அந்தப் போர்ட்டில் ஒரு எண்ணி இருந்தது. போட்ட நேரத்தில் இருந்து அது எண்ணிக்கொண்டே போகும். லொறி மீட்டர் எல்லாம் ஒன்பதாக வந்ததும் சைபருக்குத் திரும்புகிற மாதிரி, இதுவும் ஒரு கட்டத்தில் சைபருக்குத் திரும்பும். அதுக்கு ஒன்றரை நாள் எடுக்கும். திரும்புகிற அந்த இடத்தில் கேர்னல் நேரத்தைத் தவறவிடக்கூடாது. அதைத்தான் வாத்தியார் பார்க்கச் சொன்னார். மாதக்கணக்காக நான் அந்தப் போர்ட்டை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒருமுறைகூட ஒன்றரை நாள் ஓடினதில்லை. அதுக்குள் கரண்ட் போய்விடும். போகாமல் இருந்ததாக எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை.

பற்றரிதான் வழி என்று நானாவிடம் போனேன். அவருடைய மச்சானுக்குக் கிண்ணியாவில் போட் இருந்தது. பாதை என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில் ஏற்றி, அந்தப் போட்டுப் பற்றரியை இந்தக் கரைக்கு எடுப்பித்து, கடை ஜெனரேட்டரில் சார்ஜும் போட்டுத் தந்தார். "ஆமிச் சென்றியில கேட்டா ரேடியோவுக்கு எண்டு சொல்லுங்க. உங்கட கொம்பியூட்டர்க் கதையை அவனுக்கிட்ட அவுத்துவிட்டுடாதீங்க" என்றார். நான் அப்படியே சொன்னேன், விட்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் மனுசி டியூட்டி முடிந்து வந்தபோது நான் அறைக்குள் எல்லாம் பூட்டி முடித்திருந்தேன். கதிரையில் பற்றரி. அதில் இருந்து சிவப்பும் கறுப்புமாக வயர். வயரின் முடிவில் மூடியில்லாத போர்ட். ஓடுகிறதா என்று தெரிய நான் எழுதிவிட்ட சின்னச் சிவப்பு லைட் ஒன்று நொடிக்கொரு தரம் மினுங்கியது. அவ வாசற்படியைத் தாண்டவில்லை.

"இஞ்சேருங்கோ, இதைப் பாத்தா உங்களுக்கு என்னண்டு தெரியுது?"

அவவின் கண்ணால் பார்த்தேன். இத்தனை மாதம் இந்தச் சாமான்களோடு இருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

"வயர், பற்றரி, நேரம் எண்ணுற மெசின்" என்றா அவ. "இதால கிழிஞ்சு வாறதுகளைத்தான் நான் வாட்டில தைக்கிறன். ஆமிக்காரன் உள்ளுக்க வந்தா நீங்கள் அவனுக்குக் கேர்னல் படிப்பிப்பியளோ?"

"நீர் கொஞ்சம் பொறும். ஒண்டரை நாள்தான்."

"ஒண்டரை நாள் ஓடுறதுக்கு இந்த எடுப்போ? நான் மாதக்கணக்கா நிப்பாட்டாம ஓடுறன். என்னை ஒருத்தரும் டெஸ்ட் பண்ணேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் சிரித்தா, சிரித்துக்கொண்டே அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "இது சரிவந்தா நாங்கள் போகலாம்தானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். அலுமாரியில் இருந்து பழைய சீலை ஒன்றை எடுத்து வந்து தானே அதை மூடிவிட்டா.

அடுத்த நாள் முழுக்க நான் மனிசனாக இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போய்ச் சீலையைத் தூக்கிப் பார்ப்பேன். லைட் மினுங்கும். வந்து இருப்பேன். திரும்ப எழும்புவேன். "அடை கிடக்கிற கோழிகூட இப்பிடி எழும்பி எழும்பிப் பாக்காது" என்றா மனுசி. முற்றத்துக்குப் போனேன், குசினிக்குப் போனேன், கிணற்றில் அள்ளத் தேவையில்லாத தண்ணியை அள்ளினேன். பொழுதுபட்டது. விடிந்தது. இன்னும் மினுங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எண்ணி சைபருக்குத் திரும்பிவிடும்.

காலமைத் தேத்தண்ணியை வாயில் வைக்கிற நேரம் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா. இந்த முறை பகிடி இல்லை. "தம்பி, ஆமிக்காரர் சுத்திவளைச்சுட்டாங்கள். முன் ஒழுங்கையில வீடுவீடாப் பாக்கிறாங்கள்" என்றா.

அறைக்குள் ஓடினேன். சீலையைத் தூக்கினேன். வயரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மனுசி பின்னால் வந்து நின்றா. கழற்றுங்கோ என்று அவ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவவோடு சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவ வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் வயரை இழுத்தேன். லைட் நின்றது.

போர்ட்டைப் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டேன். பற்றரியைக் குசினிக்குத் தூக்கிப்போய் ரேடியோவில் கொழுவினேன். கரண்ட் இல்லாத ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற காட்சிதான். இரண்டு பேர் வந்தார்கள். ஐசியைப் பார்த்தார்கள். கொடியில் தொங்கிய நேர்ஸ் உடுப்பைப் பார்த்தார்கள். மனுசி சிங்களத்தில் ஏதோ சொன்னா. ஒருவன் தலையாட்டிவிட்டு மற்றவனைக் கூட்டிக்கொண்டு போனான். அறைக்குள் எட்டியும் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, திரும்பி வந்து பாருங்கோடா என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஊரடங்கு. கடைக்குப் போக விட்டபோது கேர்னலின் கதவு பூட்ட இன்னும் இரண்டொரு நாள்தான் இருந்தது. வாத்தியாருக்கு முதன்முறையாக உள்ளதை எழுதினேன். இங்கே கரண்ட் தொடர்ந்து இருக்கிறதில்லை, யுத்தம் நடக்குது, இரண்டு நாள் ஓட்ட ஏலாது என்று. மறைத்து வைத்திருந்தேன் என்று இல்லை. கரண்ட் போகிறதை ஒரு செய்தியாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெயில் எறிக்குது என்று யாராவது எழுதுவார்களோ?

கதிரையை விட்டு எழும்ப முதல் பதில் வந்துவிட்டது. எண்ணியை வாசிக்கிற இடத்தில் ஒரு பெரிய எண்ணைக் கூட்டிவிடு, கணக்கு முடிவுக்குக் கிட்ட இருந்தே தொடங்கும், ஐந்து நிமிடத்தில் விசயம் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி. நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமா?

இந்த வேலை படித்த எவனுக்கும் முதலில் வருகிற யோசனை அது. அவருக்கு இரண்டு நாள் ஓட்டுகிறது ஒரு விசயமேயில்லை. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாம். அதனால் அப்படிக் கேட்டார். எனக்கோ ஏதாவது செய்து முடிக்க வேண்டும் என்றால் முதலில் கரண்டுக்கு என்ன வழி என்றுதான் புத்தி ஓடும். புரொசசரை மறந்துவிட்டுப் பற்றரி தேடி ஓடியிருக்கிறேன். "என்ன தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றார் நானா. "என்னை நானே செருப்பால அடிக்கலாம் போல இருக்கு நானா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி செய்தேன். ஐந்து நிமிடம். எண்ணி சைபருக்குத் திரும்பியது, போர்ட்டின் நேரம் ஒன்றரை நாள் பின்னால் போய் விழுந்தது. என்னுடைய பாட்ச் பிழை. தொடக்கத்தில் இருந்தே பிழை. அந்த இடம் வரைக்கும் எங்கள் ஊர்க் கரண்ட் ஒருநாளும் போர்ட்டைப் போகவிடாததால் அத்தனை மாதமும் அது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஒரு வரியில் திருத்தினேன். திரும்ப ஓட்டினேன், நேரம் நேராகப் போனது. டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

சென்றியில் றோட்டைப் பூட்டியிருந்தார்கள். துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்ததாம். அடுத்த நாளும் திறக்கவில்லை. திறந்து நான் அனுப்பினபோது கேர்னலின் கதவு பூட்டிவிட்டது. திருத்தம் நல்லது, அடுத்த தடவை எடுக்கிறேன் என்று வாத்தியார் எழுதினார். கொம்பனிக்காரர் மிகவும் மரியாதையாக எழுதினார்கள். அவர்களுக்கு இந்தத் தடவையே தேவைப்பட்டதாம், வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

மனுசிக்குச் சொன்னேன். அவ ஏசவில்லை. "சரி" என்றுவிட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போனா. அதைவிட ஏசியிருக்கலாம்.

அவவுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கையில் வாத்தியாரிடம் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. அந்தப் பின்னேரம் அவ குசினியில் கதிரை போட்டிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. குனிய ஏலாத வயிறு.

"என்னவாம் உங்கட வாத்தியார்?"

"பாட்ச் உள்ளுக்குப் போயிட்டுதாம். அந்தப் புரொசசரின்ர கடிகாரத்தை என்னைவிட வேற ஒருத்தருக்கும் தெரியாதாம். இனி அந்தப் பகுதியை நானே பாத்துக்கொள்ள ஏலுமோ எண்டு கேக்கிறார். உலகத்தில எவனுக்குப் பிழைச்சாலும் நான்தான் பதில் சொல்ல வேணும்."

"சம்பளம்?"

"இல்லை."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வருசக்கணக்கா. இண்டைக்கு ஏத்துக்கொண்டு நாளைக்கு விட ஏலாதாம். நிலையா ஒரு இடத்தில இருக்கிற ஆள்தான் வேணுமாம். நான் என்னத்தை எழுத? இந்த ஊரில இருந்துகொண்டு நான் எப்பிடி வருசக்கணக்குக்கு வாக்குக் குடுக்கிறது?"

அவ மீனைக் கழுவினா. தண்ணியை ஊற்றினா. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா:

"ஓம் எண்டு எழுதுங்கோ. நாங்கள்தான் எங்கயும் போகேல்லையே."