ஒடியாத பிளேடு

தாட்சாயிணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பிளேடு கம்பெனியில் வேலை. நெல் அறுக்கும் மிஷினின் முன்பக்கத்தில் வரிசையாகப் பூட்டுகிற முக்கோணப் பிளேடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். கழிவுத் தொட்டிக்குப் போகும்.

அவள் கணவன் பரந்தாமன் அப்படியொரு மிஷினின் டிரைவர். தை பிறந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் போனவன். பிளேடு தீர்ந்தால் அவள் கம்பெனியில் வாங்கிவர மிஷின் முதலாளி அவனைத்தான் அனுப்புவார். அந்தச் சாக்கில் திருமுல்லைவாயில் வீட்டில் இரண்டு நாள் தங்குவான்.

இந்த முறை அவன் எடுத்துப்போகும் பெட்டியை அவளே நிரப்பினாள். வரப்புக் கல்லில் பட்டு ஒடிந்தால் சேற்றில் மண்டியிட்டு மாற்றப்போவது அவன்தானே என்று, ஈர நெல்தாள் வழுக்காத ரம்பப்பல் பிளேடுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள்.

மாசிக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"தாட்சா, நீ குட்த்த பிளேடு சூப்பருமே! அறுப்பே முடிஞ்சிபோச்சு, ஒண்ணுகூட ஒடயல. அப்டியே நெல்லூர் அறுப்புக்குப் போய்க்கினு கீறோம்."

"ஒடயலன்னா ஊட்டுக்கு வர மாட்டியாய்யா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

சாப்பிடாமல் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த பெட்டி முகம் தெரியாத வேறொரு டிரைவருக்கு. முதல் பிளேடே மந்தமாக ஒலித்தது. அதைப் பெட்டிக்கு மேலே பிடித்தபடி, அந்த டிரைவரின் வீட்டில் காத்திருக்கக்கூடியவளை நினைத்துக்கொண்டாள்.

"நீயும் காத்துகினு இருடியம்மா," என்று அதைக் கழிவுத் தொட்டியில் விட்டெறிந்தாள்.