ஒன்றுமில்லை என்று சொல்லும் வைத்தியம்

கையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 'ஒன்றுமில்லை' என்பதே வைத்தியம். அதைச் சொல்ல நான் பத்து வருஷம் படித்தேன், நம்பவைக்க மட்டும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. புதுச்சேரியில் எழுபதுகளில் கிளினிக் திறந்த எனக்கு, ஊர் அந்த ஒரு சொல்லை நம்புவதில்தான் பிழைப்பே இருந்தது. மணிக்கட்டில் கட்டியோடு இதைப் படிப்பவர்களே, நீங்களும் நம்பப்போவதில்லை என்று தெரியும்.

டார்ச் லைட்

லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் டைப்பிஸ்ட் மகளை அழைத்து வந்தார். பெண் பார்க்க வருகிறார்கள். மணிக்கட்டின் மேல் நெல்லிக்காய் அளவு கட்டி. மூட்டு நீர் கசிந்து பை கட்டிக்கொண்டது, வெறும் ஜெல்லி என்று விளக்கினேன். நிரூபிக்க அறையை இருட்டாக்கி, கட்டியின் பக்கவாட்டில் டார்ச்சை வைத்தேன். கட்டி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெளிச்சம் வேற போடுதா? அவங்க வர்ற அன்னிக்குக் கரண்ட் போவாம இருக்கணுமே."

அகராதி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, ஒருவருக்கும் அதே கட்டி. என்னை 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து இதை உடைப்பது ஐரோப்பியர்களின் பழைய வழக்கம். அவர் தன் பிரெஞ்சு அகராதியால் தானே அடித்துக்கொண்டு, கட்டி மறைந்த கையைக் காட்டிவிட்டுப் போகவே வந்திருந்தார். எலும்பு உடையலாம், கட்டி திரும்ப வரும் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

நாலு மாதத்தில் கட்டி வந்தது, அவரும் வந்தார். சொன்னேனே என்று ஆரம்பித்தேன். "முதல் வால்யூமாலதான் அடிச்சேன் முசியே. ரெண்டாவது பாக்கி இருக்கு."

பெரிய பெயர்

தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டும் ஒருவருக்கு விரலில் கெட்டியான கட்டி. அறுத்தெடுத்தால் தீர்ந்தது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. "லீவு வேணும் சார், பேரக் கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றார். பெரிய பெயர் எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. உண்மையான பெயரையே முழுசாக எழுதினேன்: தசைநாண் உறையின் ஜயன்ட் செல் ட்யூமர்.

மேனேஜர் கண்ணில் பட்டது 'ட்யூமர்' மட்டும். மறுவாரமே லேத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நானே தொழிற்சாலைக்குப் போய், ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குத் தைரியம் சொல்றது சரி டாக்டர். எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

என் கை

அறுத்த கட்டியைப் புட்டியில் போட்டு மேனேஜரிடம் காட்டிய பிறகே லேத்காரருக்கு வேலை திரும்பியது. அந்த மாதமே என் வலது மணிக்கட்டில் ஒன்று முளைத்தது. டார்ச் வைத்தேன், ஒளிர்ந்தது. ஜெல்லிதான். இருந்தும் ஊருக்குத் தெரியாமல் கடலூருக்குப் பஸ் ஏறி, என்னைவிட இளைய டாக்டர் ஒருவரிடம் கையை நீட்டினேன். "ஒன்றுமில்லை சார், தானாகப் போய்விடும்" என்றார். இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பெஞ்சில் சொல்தா உட்கார்ந்திருந்தார். என்னை நம்பாமல் அவரும் அங்கேதான் வந்திருக்கிறார். என் கையைப் பார்த்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒன்னுமில்லையாம்."

"நம்பினீங்களா?"

நான் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். "ரெண்டாவது வால்யூம் வீட்ல சும்மாதான் இருக்கு, முசியே."

என் கட்டி எட்டு மாதத்தில் தானாகவே மறைந்தது, அதைக் குணமாக்கியதாக ஊரில் பெயர் வாங்கியது என்னவோ சொல்தாவின் அகராதிதான்.