எந்தத் தட்டுப் பாசி?

போன செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போனால், என் மூன்று வயது மகள் யாழினியின் வாயெல்லாம் பச்சை. கையில் காய்ந்ததும் காயாததுமாக நாலு இழை... சிரிக்கிறாள்!

சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா. உழவர்கரையில் எங்கள் மகளிர் குழு வளர்ப்பது. தொட்டியில் வளர்ந்ததைத் துணியில் வடிகட்டி, முறுக்கு அச்சில் பிழிந்து, தட்டில் காயவைப்போம். சத்துக்காகக் குழந்தைகளுக்கே கொடுப்பதுதானே, இதற்கென்ன பதற்றம் என்கிறீர்களா?

எங்களிடம் இரண்டு தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணீர், உப்பு, சமையல் சோடா, உரம். அது மனிதர்கள் சாப்பிட, பாக்கெட் போட்டு விற்பது. உரம் விலை ஏறியதால், இன்னொன்றில் எங்கள் குழுவின் அம்சா அக்கா வீட்டுச் சாண எரிவாயுத் தொட்டியின் கழிவுநீரை ஊற்றுகிறோம். செலவே இல்லை. பாசியும் கொழுகொழுவென்று வருகிறது. ஆனால் அது மீன் பண்ணைக்கு மட்டும் — பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.

அன்றைக்கு இரண்டையும் பிழிந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தது யார்? நான்தான். சீட்டு எழுதி வைக்க மறந்ததும் நான்தான்.

"அக்கா, இவ எந்தத் தட்டுல எடுத்தான்னு தெரியலையே!"

அம்சா அக்கா இரண்டையும் மோந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே நாத்தந்தான்டி. இன்னா ஆயிடப்போவுது? எங்க மாடு சுத்தமான மாடு."

"மாடு சுத்தமா இருந்தா சாணியும் சுத்தமாக்கா?"

"காஞ்சிட்டா வித்தியாசம் தெரியாது, ஒண்ணா பாக்கெட் போட்டுடலாம்னு போன வாரமே சொன்னேன். நீதான் யோசிச்சிச் சொல்றேன்னுட்ட."

ஆமாம். 'வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை! குழுவில் படித்தவள் நான். பயிற்சிக்குப் போனவளும் நான். ஒரு வாரமாக எதை யோசித்துக்கொண்டிருந்தேன்?

டாக்டரிடம் ஓடினேன். "பேதி, காய்ச்சல்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். மூன்று நாள்... நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், பாத்ரூம் வாசலில் நிற்பதும். அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு தட்டும் மீனுக்குத்தான்க்கா. பாக்கெட்ல கலக்குறதும் வேணாம்."

"நல்ல தொட்டியோடதுமா? எத்தினி நாள் கலக்கிவுட்டு வளத்தது!"

"எது நல்லதுன்னு தெரியாதுல்லக்கா."

அக்கா தட்டுகளைக் கவிழ்த்து ஒரே கோணியில் கொட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்: "ஊரான் புள்ளைங்களுக்குன்னா யோசிக்கணும். உன் பொண்ணு வாயில பட்டதும் ஒடனே பதில் வந்துடுச்சி பாரு!"

எனக்குக் கோபமே வரவில்லை... பொய்யாக இருந்திருந்தால் வந்திருக்கும்.