உட்காரக் கூடாத கல்

கள்ளக்குறிச்சியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். தானப் பத்திரம் எழுத வருகிறவர்களுக்கு ஒரு வரியை மட்டும் நிறுத்தி இரண்டு முறை வாசித்துக் காட்டுவேன். இன்று முதல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் கிடையாது என்ற வரி அது. அந்த இடத்தில் பலருடைய முகம் மாறும். “மனசு வரலன்னா இப்பவே எழுந்து போயிடுங்க, தப்பில்ல” என்று சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். அப்படிச் சொன்னவனுக்கு ஒரே ஒரு கல்லைக் கொடுக்கத் தெரியவில்லை.

எங்கள் பூங்காவுக்கு எதிரே ஒரு மருத்துவமனை இருக்கிறது. என் மனைவி நோயுற்றிருந்த காலத்தில் வாரம் இருமுறை அங்கே செல்வோம். சீட்டு வாங்கிவிட்டு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அவள் பூங்காவுக்குள் வந்துவிடுவாள். அப்போது அது பூங்கா என்ற பெயரளவில்தான் இருந்தது. வேலிக்காத்தான் முள் மண்டி, ஊர்க்காரர்களாகிய நாங்களே கொட்டிய குப்பை குவிந்து, உட்கார ஓர் இடம் இல்லாமல் கிடந்தது. அவள் தன் புடவைத் தலைப்பை விரித்து, உடைந்த சுற்றுச்சுவரின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள். “ஒரு கல்லு போட்டிருந்தா எவ்ளோ நல்லாருக்கும்” என்று ஒருநாள் சொன்னாள். அவள் கேட்டதாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அவள் மறைந்த மறு ஆண்டு, காலையில் நடக்க வருகிற நாங்கள் சிலர் சேர்ந்து பூங்காவைச் சீர்செய்யும் முயற்சியில் இறங்கினோம். நகராட்சிக்கு மனு எழுதியவன் நான்தான். மருத்துவமனைக்கு வருகிறவர்களும், வெள்ளிமலைப் பேருந்துக்குக் காத்திருக்கிற மலைமக்களும் இளைப்பாற இந்த இடம் பயன்படவேண்டும் என்று மனுவில் உருக்கமாக எழுதினேன். முள் அகன்றது. நடைபாதை வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது. இருக்கைகளை மட்டும் ஊரார் உபயமாகக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. முதல் உபயம் என்னுடையது. இரண்டு கால்களின் மேல் ஒரு நீண்ட கருங்கல் பலகை. அதன் மேற்பரப்பில் அவள் பெயரை வெட்டச் சொன்னேன்.

கல்தச்சர் தயங்கினார். “எழுத்து மேலயே குந்துவாங்களே ஐயா. ஓரத்துல வெட்டிக்கலாங்களா?”

“ஓரத்துல வெட்னா யார் கண்ணுல படும்?” என்றேன்.

பெயர் கண்ணில் பட்டது. என் கண்ணில்தான் மிகுதியாகப் பட்டது. நாள்தோறும் விடியலில் நீராடி, திருநீறு தரித்து, அந்தக் கல்லருகே நின்று ஒரு பதிகம் ஓதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதலில் ஒரு பூ வைத்தேன். பிறகு செம்பில் நீர் கொண்டுபோய்க் கல்லைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டேன். பார்த்த மற்ற உபயதாரர்களும் தத்தம் கற்களுக்கு அவ்வாறே செய்யத் தொடங்கினர். தந்தை பெயருக்கு ஒருவர் மாலை சாத்தினார். தமக்கை பெயருக்கு ஒருவர் அகல் ஏற்றினார். சில மாதங்களில் பூங்காவில் இருக்கைகள் பல இருந்தன, உட்காரத்தக்கது ஒன்றுகூட இல்லை. மருத்துவமனைக்கு வந்தவர்கள் புல்லிலும் நடைபாதை விளிம்பிலும் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றார்கள். அதை நாள்தோறும் கண்டேன். பூங்கா நல்ல பயன்பாட்டில் இருக்கிறது என்றுதான் மகிழ்ந்தேன்.

அவளுடைய திதி நாளன்று விடியலில் கல்லுக்குப் பூ வைக்கப் போகாமல், காக்கைக்குச் சோறிட்டுவிட்டு, முற்பகலில் மாலையும் செம்பு நீருமாகப் பூங்காவுக்குச் சென்றேன். கல்லின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் கையில் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. அறுவையில் பிள்ளை பெற்று அன்றுதான் வெளியே வந்திருக்கிறாள் என்பது, ஒரு கையை அடிவயிற்றில் அணைத்தபடி அவள் சாய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மூத்தவள் அவளுடைய தாய். மலைக்குச் செல்லும் பேருந்துக்கு நேரமாகும் என்று மகளை அங்கே உட்கார்த்தியிருக்கிறாள்.

“அம்மா, அது எழுத்து இருக்கிற கல்லு. கொஞ்சம் எழுந்துக்கங்க” என்றேன். குரலை உயர்த்தவில்லை. என் பணிவை நானே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

தாய் பதறி எழுந்தாள். “ஐயையோ, சாமி கல்லுங்களா? தெரியாம குந்திட்டோம். எழுந்திரு பாப்பா, எழுந்திரு. புள்ள பெத்த தீட்டோட வேற குந்திட்டாளே!” கல்லைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இளையவள் தையல் வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, தாயின் தோளைப் பற்றி, மெல்ல மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தாள்.

சாமி கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. தீட்டு இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கண்ணெதிரிலேயே செம்பு நீரை ஊற்றி, அவள் உட்கார்ந்த இடத்தைக் கழுவினேன்.

பிறகு ஓதினேன். பிரதோஷந்தோறும் நானும் என் மனைவியும் ரிஷிவந்தியம் சிவன் கோயிலுக்குப் போய், உடம்பில் பாதியைத் தேவிக்குத் தந்தவன் முன்னே நின்று பாடிய பதிகம் அது. கொடுத்தவனின் புகழை, ஒரு பலகையில் பாதிகூடக் கொடுக்காத நான், சுருதி பிசகாமல், கண்களை மூடி, முழுவதும் பாடி முடித்தேன். கண்களைத் திறந்தபோது அவர்கள் இல்லை. பூங்காவைப் பெருக்குகிற அம்மாள் மட்டும் துடைப்பத்தை ஊன்றி நின்றிருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை அணிந்திருப்பார். என்னோடு சரிக்குச் சரி பேசக்கூடியவர்.

“இன்னா ஐயா, பாட்டு முடிஞ்சிச்சா? புள்ள பெத்தவளத் தரையில குந்த வெச்சிட்டு நல்லாத்தான் பாட்றீங்க.”

“எழுத்து இருக்கும்மா அதுல. அவ பேரு.”

“பேரு மேல குந்துனா தேஞ்சா பூடும்? கல்லறைத் திருநாளன்னிக்கு எங்க மாமியா கல்லறை மேல குந்திக்கினுதான் நாங்க டீ குடிப்போம். அது உசுரோட இருந்தப்ப எம்மேல குந்திக்கினு இருந்துச்சு, இப்ப நான் குந்துறேன்” என்று சிரித்தார். சிரிப்பு உடனே நின்றது. “அந்தப் பொண்ணு எழுந்து போறப்ப செவுத்தப் புட்சிக்கினு போச்சு. பாக்கலியா நீங்க?”

என் மனைவி உட்கார்ந்திருந்த அந்தச் சுவர்தான். சீர்செய்தபோது அந்தப் பகுதியை மட்டும் பழையபடியே விட்டிருந்தோம்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்; ஓடினேன் என்றே சொல்லவேண்டும். வெள்ளிமலைப் பேருந்து புறப்பட ஆயத்தமாக நின்றது. சன்னலோரம் அந்தப் பெண்ணும் குழந்தையும். என்னைக் கண்டதும் தாய் சட்டென்று எழுந்து, தன் இடத்தைத் துணியால் தட்டிவிட்டாள். “வாங்க சாமி, குந்துங்க. நான் நின்னுக்கினு வரேன்.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஏறினேன். “என்ன குழந்தை?” என்று கேட்டேன்.

“பொண்ணுங்க.” குரலைத் தாழ்த்தினாள். “சாமி கல்லு மேல குந்திட்டமே, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?”

“ஒண்ணும் ஆவாது.”

“உங்க கையால துண்ணூறு வெச்சு வுடுங்க சாமி. அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்.”

அது சாமி இல்லையம்மா, செத்துப்போன என் மனைவியின் பெயர், அவளும் உன் மகளைப்போல நோவோடு உட்கார இடம் தேடியவள்தான் என்று சொல்வதற்கு அவகாசம் இருந்தது. நடத்துநர் இன்னும் விசில் ஊதவில்லை. பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மரியாதையோடு பார்த்தார்கள். நான் மடியிலிருந்த திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தேன். கல்லைக் கழுவிய அதே கையால் அந்தச் சிசுவின் நெற்றியில் திருநீறு இட்டேன். தாய் கும்பிட்டாள். நான் இறங்கிக்கொண்டேன்.

உபயதாரர்களின் அடுத்த கூட்டத்தில், கற்களுக்குப் பூவும் குங்குமமும் வேண்டாம், மக்கள் உட்காரட்டும் என்று முன்மொழிந்தேன். “ஆரம்பிச்சு வெச்சதே நீங்கதான, இப்ப எங்களுக்குப் புத்தி சொல்றீங்களா?” என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம். சிலர் நிறுத்தினார்கள், சிலர் இன்றும் நிறுத்தவில்லை. என் கல்லிலிருந்த குங்குமத்தைத் தேய்த்துக் கழுவினேன். பதிகத்தை வீட்டோடு வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் அந்தக் கல் காலியாகவே இருந்தது. ஒருநாள் நண்பகலில் மலையிலிருந்து வந்த பெண்கள் மூவர், கல்லுக்கு ஓரடி தள்ளி, வெறுந்தரையில் உட்கார்ந்து புளிச்சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேல உக்காருங்கம்மா” என்றேன்.

“வேணாங்க. அது சாமி கல்லு. பச்ச உடம்புக்காரி ஒருத்தி தெரியாம குந்திட்டாளாம். அப்புறம் பெரியவரு ஒருத்தரு பஸ்ஸு வரைக்கும் வந்து துண்ணூறு வெச்சுத்தான் தோஷம் கழிஞ்சுதாம். மலை மேல சொல்லிக்கிறாங்க.”

அந்தக் கல்லின் மேல் நானும் அதுவரை உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன், அவள் பெயரின் மேலேயே. வெயிலில் கல் சுட்டது.

“சாமி இல்லம்மா. இது என் வூட்டுக்காரி பேரு. நான்தான் உபயம் குடுத்தேன். அந்தப் பொண்ண எழுப்பி வுட்டவனும் நான்தான். என் தப்புதான் அது. தோஷமெல்லாம் ஒண்ணுமே கெடையாது.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, “பேரு மேலயே குந்திக்கினீங்களே, அம்மா கோச்சுக்கமாட்டாங்களா?” என்றாள்.

“இருந்தப்ப கோச்சுக்காத நாளே இல்ல. நீங்க வந்து உக்காந்தா கொஞ்சம் கொறையும்.”

சிரித்துக்கொண்டே அவளும், பின்னால் மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஓரத்துக்கு நகர்ந்தேன். பேருந்தில் போன அந்தத் தாயிடம், இப்போது நான் சொன்னதைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். குழந்தை நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அஞ்சக்கூடாதே என்று எனக்கு இருந்தது.

“சொல்லிட்றோங்க. எந்த ஊருங்க அவங்க? பேரு இன்னாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தகப்பன் பெயரும் ஊரும் கதவிலக்கமும் கேட்காமல் என் வாழ்நாளில் ஒரு பத்திரம் எழுதியதில்லை. பாட்டி ஒருத்தி தன் பேத்திக்காக என்னிடம் கைகூப்பி நின்றபோது, அவள் யார், எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

“நாங்க வேற ஊரு ஆளுங்க சொல்லித்தாங்க கேள்விப்பட்டோம். மலையில எத்தினியோ ஊரு இருக்குதுங்களே” என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து, இன்னொரு இலைத்துண்டில் வைத்து, எங்களுக்கு நடுவே இருந்த எழுத்தின் மேல் என் பக்கமாகத் தள்ளினாள்.